முற்பணம் தந்தவர் திரும்பி வராதபோது: படகு விற்பவர்களுக்கான நடைமுறை

திருகோணமலையில் சிறு படகு விற்பனை பெரும்பாலும் கரையிலேயே பேசி முடிக்கப்படுகிறது. வாங்க வருபவர் முன்முனையான அணியத்திலிருந்து பின்பலகை வரை தட்டிப் பார்ப்பார்; எஞ்சினை இரண்டு முறை இழுத்து இயக்கிப் பார்ப்பார்; விலை பேசுவார்; ஒரு தொகையை எண்ணிக் கையில் தந்துவிட்டு, மிகுதியை வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிப் போவார். பெரும்பாலானோர் சொன்னபடி வருகிறார்கள். வராதவர் ஒருவரால் ஒரு குடும்பத்தின் ஒரு பருவத் தொழிலே கெட்டுப்போவதை, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் செயலாளராக இருந்த ஆண்டுகளில் பலமுறை பார்த்தேன். பின்னர் என் படகை விற்கப் போய் நானும் அந்த நிலைக்கு ஆளானேன். அப்படி அகப்பட்டவர் என்ன செய்ய வேண்டும், எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை, கடிதம் எழுத உதவி கேட்டு என்னிடம் வந்தவர்களுக்குச் சொன்ன அதே முறையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நிலை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆள் காணாமற்போனார் என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொன்னாலும், அது மூன்று வேறு நிலைகளைக் குறிக்கும். முற்பணம் தந்தவர் மிகுதியைத் தராமலும் படகை எடுக்காமலும் போயிருக்கலாம். படகு உங்கள் கரையிலேயே கிடக்கும். அல்லது படகையும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு, மிகுதிப் பணத்தைத் தராமல் போயிருக்கலாம். அல்லது முழுப் பணத்தையும் தந்து படகையும் கொண்டுபோய், பதிவேட்டில் பெயரை மாற்ற மட்டும் வராமல் இருக்கலாம். முதலாவது நிலையில் உள்ளவர்தான் அதிகம் பதறுகிறார். மூன்றாவது நிலையில் உள்ளவர் பதறுவதே இல்லை. என் அனுபவத்தில் மிகப் பெரிய ஆபத்து அந்த மூன்றாமவருக்கே இருக்கிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சில நாட்கள்

தொலைபேசி எடுபடவில்லை என்றவுடன் ஏமாற்றப்பட்டுவிட்டதாக முடிவு செய்ய வேண்டாம். இந்தக் கரைக்கென்று ஒரு காலக் கணக்கு உண்டு. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து தொழிலாளர்கள் இங்கு வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்கிறார்கள்; புரட்டாதி, ஐப்பசியில் ஊர் திரும்புகிறார்கள். பருவக் கடைசியில் படகுக்கு முற்பணம் தந்த ஒருவர், வாடி கலைந்த அவசரத்தில் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே தொழில் தொடங்கியதும் இங்குள்ள பேச்சை ஒத்திப் போட்டிருக்கலாம். வேறு சிலர் பலநாட் படகில் கடலுக்குப் போயிருப்பார்கள். வாரக்கணக்கில் அவர்களுடைய தொலைபேசிக்கு அலை கிடைக்காது. நோய், விபத்து, வீட்டில் ஒரு மரணம் என்று எதுவும் நடந்திருக்கலாம். ஆகவே அவருடைய ஊர்ச் சங்கத்தையும், அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தியவரையும், இயலுமானால் அவருடைய கிராம உத்தியோகத்தரையும் விசாரியுங்கள். யாரிடம் எந்த நாளில் கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். நீங்கள் அவரைத் தேடியதற்குப் பின்னர் அந்தக் கொப்பியே சாட்சியாக இருக்கும்.

அதே நாட்களில் கையிலுள்ள ஆதாரங்கள் அனைத்தையும் ஓரிடத்தில் சேருங்கள். படகின் பதிவுச் சான்றிதழ், எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு, முற்பணத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த துண்டின் அடிக்கட்டை, வங்கி வைப்புச் சீட்டு, வாங்குபவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி ஆகியவை முக்கியமானவை. எதுவும் எழுதப்படவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பொருட்கள் விற்பனை பற்றிய 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், எழுத்து இல்லாவிட்டாலும் விலையின் ஒரு பகுதி செலுத்தப்பட்டிருந்தால் அல்லது பொருளின் ஒரு பகுதி கையேற்கப்பட்டிருந்தால் அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட இடமளிக்கிறது. உங்கள் கையில் வைக்கப்பட்ட முற்பணமே ஒப்பந்தம் இருந்ததற்கான அடையாளமாகிறது. வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளையும் குரற்பதிவுகளையும் அழிக்காதீர்கள், தொலைபேசியை மாற்றும்போது அவை போய்விடாமல் பிரதி எடுத்து வையுங்கள். இலத்திரனியல் பரிமாற்றங்கள் பற்றிய 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அத்தகைய செய்திகளுக்கும் சான்று மதிப்பு உண்டு. பணம் கைமாறியபோது பக்கத்தில் நின்றவர்களின் பெயர்களையும், நினைவு மங்குவதற்கு முன் அதே கொப்பியில் எழுதுங்கள்.

படகு உங்களிடமே இருந்தால்

இந்த நிலையில் விற்பவரின் கை ஓங்கியே இருக்கிறது, ஆனால் பலர் அதை அவசரத்தால் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆள் வரவில்லை என்று பத்தாம் நாளே வேறொருவருக்குப் படகை விற்றுவிட்டு, பதினைந்தாம் நாள் முதலாமவர் மிகுதிப் பணத்தோடு வந்து நின்றால், குற்றம் உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். குறிப்பிட்ட ஒரு பொருளை, அது ஒப்படைக்கத் தயாராக இருக்கும் நிலையில், நிபந்தனை எதுவும் வைக்காமல் விற்க ஒப்புக்கொண்டால், வேறு நோக்கம் தெரியாத வரை, விலை பின்னர் தரப்படவிருந்தாலும் அதன் உரிமை ஒப்பந்தம் முடிந்த கணத்திலேயே வாங்குபவருக்குப் போய்விடக்கூடும் என்பது முன்னர் சொன்ன 1896ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. கரையில் நின்று கைகொடுத்துப் பேசி முடித்த படகு, கயிறு உங்கள் மரத்தில் கட்டியிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவருடையதாக இருக்கலாம். ஆனால் அதே சட்டம், பணம் கிடைக்காத விற்பனையாளருக்கு இரண்டு பாதுகாப்புகளையும் தந்திருக்கிறது. மிகுதி கிடைக்கும் வரை படகைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். மறுவிற்பனை செய்யப்போவதாக அறிவித்து, நியாயமான காலத்துக்குள் அவர் பணம் தராவிட்டால், படகை வேறொருவருக்கு விற்று, அதனால் ஏற்பட்ட இழப்பையும் அவரிடம் கோரலாம்.

ஆகவே அறிவித்தல் கடிதமே இந்த வேலையின் நடுநாயகம். அது நீளமாக இருக்க வேண்டியதில்லை. கோபம் அதில் இருக்கவே கூடாது. நான் பலருக்கு எழுதிக் கொடுத்த வாசகம் இது:

"கடந்த ... ஆம் திகதி திருகோணமலையில் நாம் பேசி முடித்தபடி, ... என்னும் பதிவிலக்கமுடைய என் 19 அடிப் பைபர் படகையும், ... என்னும் தொடரிலக்கமுடைய எஞ்சினையும் ... ரூபா விலைக்கு உங்களுக்கு விற்க ஒப்புக்கொண்டு, ... ரூபா முற்பணம் பெற்றுக்கொண்டேன். மிகுதி ... ரூபா, ... ஆம் திகதி தரப்பட வேண்டியிருந்தும் இன்றுவரை தரப்படவில்லை. இக்கடிதத் திகதியிலிருந்து 21 நாட்களுக்குள் மிகுதியைச் செலுத்திப் படகைப் பொறுப்பேற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவ்வாறு செய்யத் தவறினால் படகை வேறொருவருக்கு விற்பேன் என்பதையும், அதனால் எனக்கு ஏற்படும் விலைக் குறைவையும் படகைப் பாதுகாத்த செலவையும் உங்கள் முற்பணத்திலிருந்து கழித்து, மீதி இருப்பின் உங்களிடம் திருப்பித் தருவேன் என்பதையும் இதன்மூலம் அறியத் தருகிறேன்."

இதைப் பதிவுத் தபாலில், அடையாள அட்டையில் உள்ள முகவரிக்கும், அவர் தங்கியிருந்த வாடி அல்லது வீட்டு முகவரிக்கும் அனுப்புங்கள். தபாலகப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு இணைத்துக் குத்தி வையுங்கள். கடிதம் திரும்பி வந்தால் உறையைத் திறக்காமல் அப்படியே வையுங்கள். தபாலகத்தின் முத்திரையும் திரும்பிய காரணமும் அந்த உறையின் மேல்தான் இருக்கும். கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். வாங்குபவர் சிங்களம் பேசுபவராக இருந்தால் சிங்கள மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புவது, விளங்கவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லாமல் செய்யும். நம் மாவட்டத்தில் அதற்கு உதவ ஆள் கிடைப்பது கடினமல்ல.

நியாயமான காலம் என்பது எத்தனை நாள் என்று பலர் கேட்கிறார்கள். சட்டம் அதை நாட்கணக்கில் சொல்வதில்லை, சூழ்நிலையைப் பார்க்கிறது. என் கருத்தில், சித்திரையில் ஒரு மாதம் பொறுப்பதும் ஐப்பசியில் ஒரு மாதம் பொறுப்பதும் ஒன்றல்ல. கார்த்திகையில் வாடை இறங்கிவிட்டால் சிறு படகுகள் கரையேறிவிடும். தை, மாசி வரை வாங்க வருபவர் அரிது. வந்தாலும் விலையைக் குறைத்தே கேட்பார். அதனால் பருவத் தொடக்கத்தில் 21 நாளோ ஒரு மாதமோ கொடுப்பதும், பருவம் முடியும் தறுவாயில் 14 நாளோடு நிறுத்துவதும் நியாயமாக எடுத்துக்காட்டக்கூடியவை. குறுகிய தவணை கொடுத்தால் அதற்கான காரணத்தைக் கடிதத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

முற்பணத்தை என்ன செய்வது? அது விழுந்துவிட்டது, இனி எனக்கே என்று எல்லாக் கரையிலும் சொல்லப்படுகிறது. அப்படி எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் ஒரு பேச்சு உண்டு. எழுதப்படாதபோது, உங்கள் உண்மையான இழப்பைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு மீதியைத் திருப்பித் தரத் தயாராக இருப்பதே நேர்மையானது, பாதுகாப்பானதும் அதுவே. முந்திய விலைக்கும் மறுவிற்பனை விலைக்கும் உள்ள வித்தியாசம், பாதுகாத்த செலவு, தபால், சட்டத்தரணிக் கட்டணம் ஆகியவற்றைத் திகதியோடு எழுதி வையுங்கள். கணக்கு முடியும் வரை அந்தப் பணத்தைத் தொடாமல் தனியாக வங்கியில் இடுங்கள். வாங்குபவர் படகைப் பொறுப்பேற்க மறுத்தால் அதைப் பாதுகாத்த நியாயமான செலவை அவரிடம் கோர அதே 1896ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் செலவுக்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் அந்த உரிமை வாய்ப்பேச்சாகவே முடியும்.

காத்திருக்கும் காலத்தில் படகைக் காப்பது

இதை நான் அறிந்தது என் சொந்தப் படகில். வாங்குபவர் நாளையே வருவார் என்ற நம்பிக்கையில் படகை நீரோரத்தில் கயிற்றில் விட்டிருந்தேன். ஐப்பசியின் முதல் பெருமழை ஓர் இரவில் பெய்து, விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது படகு பாதி நிறைந்து, உள்ளே வேப்பஞ்சருகும் ஒரு நெகிழிப் போத்தலும் மிதந்துகொண்டிருந்தன. வாளியால் இறைத்து முடித்த பிறகு, எஞ்சின் பூட்டும் பின்பலகையை விரல் மடக்கித் தட்டினேன். ஓரத்தில் கணீரென்று வந்த ஓசை, ஆணித்துளைகளுக்குக் கீழே வந்தபோது ஈரத் துணியைத் தட்டியது போல் அடங்கிவிட்டது. வெளியே இழை பளபளப்பாக இருந்தாலும், உள்ளே இருந்த ஒட்டுப்பலகை துளைகள் வழியாக நீர் குடித்து ஊறத் தொடங்கியிருந்தது. அதைப் பழுதுபார்க்காமல் எந்த எஞ்சினையும் நம்பிப் பூட்ட முடியாது.

ஆகவே விற்பனை இழுபடுகிறது என்று தெரிந்தவுடன் படகைக் கரைக்கு ஏற்றி, அணியப் பக்கம் உயர்ந்திருக்குமாறு பனங்குற்றிகளின் மேல் வையுங்கள். அடித்துளைத் தக்கையைக் கழற்றிவிட்டால் மழைநீர் தானாக வடிந்துவிடும். ஆணித்துளைகளை மெழுகாலோ பசையாலோ அடையுங்கள். மேலே கிடுகு பரப்புவது, நெகிழித் தாளை இறுகக் கட்டுவதைவிட நல்லது, ஏனெனில் காற்று உள்ளே போய்வரும். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் நிமிர்த்தி நிறுத்துங்கள். நன்னீர் நிரப்பிய பீப்பாயில் அதன் கால் பகுதியை இறக்கிச் சில நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவிய பின், எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது எரிந்து தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இது மிகவும் அவசியம்; தேங்கி நின்ற மண்ணெண்ணெய் துளைகளை அடைத்துவிடும். ஒப்படைக்கும் நாளில் இருந்த நிலையைக் காட்டப் படகின் எல்லாப் பக்கங்களையும், பதிவிலக்கத்தையும், எஞ்சினின் பிடிச்சட்டத்தில் உள்ள இலக்கத் தகட்டையும் படம் எடுத்து வையுங்கள்.

படகு போய், பணம் வராவிட்டால்

இந்த நிலையில் மனம் உடனே ஒரு வழியைச் சொல்லும்: படகு எந்தக் கரையில் கிடக்கிறது என்று விசாரித்து, இரவில் நான்கு பேரோடு போய் இழுத்து வந்துவிடலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விரும்பி ஒப்படைத்த படகின் உரிமை பெரும்பாலும் அவரிடம் போயிருக்கும். உங்களிடம் எஞ்சியிருப்பது விலையைக் கேட்கும் உரிமை. அனுமதியில்லாமல் எடுத்து வந்தால், நேற்றுவரை கடன்காரராக இருந்தவர் நாளை முறைப்பாட்டாளர் ஆகிவிடுவார், நீங்கள் திருட்டுக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கொட்டியாரக் குடாவின் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்துக்குப் போய் இரவில் படகு இழுத்தார்கள் என்ற கதை, இரண்டு நாளில் இரண்டு ஊர்ப் பிரச்சினையாக மாறிவிடவும் கூடும்.

செய்ய வேண்டியது, பொலிஸ் நிலையத்தில் விடயத்தைப் பதிவு செய்து முறைப்பாட்டின் பிரதியைப் பெறுவது. இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, சிவில் வழக்குப் போடுங்கள் என்று அங்கே சொல்லப்படலாம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் போலி அடையாள அட்டை, பொய் முகவரி, ஒரே ஆள் பலரிடம் இதே போல் வாங்கியமை போன்றவை தெரிந்தால், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதைக் காட்டும் அந்த விவரங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். காசோலை தந்து அது திரும்பியிருந்தால் வங்கி தந்த குறிப்போடு சட்டத்தரணியிடம் போங்கள். கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும்.

அடுத்து, சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது; திருகோணமலையிலும் அதன் நிலையம் உண்டு, வருமானத்தைக் கேட்டறிந்து உதவுவார்கள். தொகை குறிப்பிட்ட எல்லைக்குட்பட்டதாயின், நீதிமன்றத்துக்குப் போகுமுன் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெற்றே ஆக வேண்டும். அந்த எல்லை இடைக்கிடை உயர்த்தப்பட்டு வருவதால் இன்றைய தொகையை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியஸ்த சபையைச் சிலர் வெறும் சம்பிரதாயமாக எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. வார இறுதியில் பாடசாலை வகுப்பறையொன்றில், ஊரறிந்த மூன்று பேர் முன்னிலையில் உட்கார்ந்ததும், ஆறு மாதம் தொலைபேசி எடுக்காத ஒருவர் மாதத் தவணைக்குச் சம்மதித்துக் கையெழுத்து வைத்ததை நேரில் கண்டிருக்கிறேன்.

காலம் கடத்துவதே இந்த நிலையில் பெரிய இழப்பு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்தின் மீதான வழக்கை 6 ஆண்டுக்குள் தொடரலாம். ஆனால் விற்று ஒப்படைத்த பொருளின் விலையை எழுத்தின்றிக் கேட்கும் வழக்குக்கு 1 ஆண்டே தவணை. தைப்பொங்கலுக்குத் தருவேன், சித்திரைக்குத் தருவேன் என்ற சொல்லை நம்பி ஓராண்டைக் கடத்தியவர்கள், கேட்கும் உரிமையையே இழந்து என் முன் வந்து நின்றிருக்கிறார்கள். எழுத்து இல்லாமல் படகைக் கொடுத்தவர், வாங்கியவர் தொடர்பில் கிடைக்கும் முதல் சந்தர்ப்பத்திலேயே, "இவ்வளவு தரவேண்டியிருக்கிறது, இந்தத் திகதியில் தருவேன்" என்று ஒரு துண்டிலாவது எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

பணம் வந்து, பெயர் மாறாவிட்டால்

மீன்பிடிப் படகுகள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ்ப் பதியப்பட வேண்டியவை. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டும் பைபர் படகுக்கு ஓ.எஃப்.ஆர்.பி. என்றும் பலநாட் படகுக்கு ஐ.எம்.யு.எல். என்றும் தொடங்கும் அந்த இலக்கம் படகின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் வரை, பதிவேட்டில் அதற்கு எதிரே இருக்கும் பெயரைத்தான் கடற்படையும் பொலிசும் கடற்றொழில் திணைக்களமும் முதலில் தேடி வரும். வெடி வைத்து மீன்பிடித்ததற்கு அகப்பட்டாலும், தடைசெய்யப்பட்ட வலையோடு பிடிபட்டாலும், முதல் அழைப்பு உங்கள் வீட்டுக்கே வரும். 2022ஆம் ஆண்டில் கடல் வழியாக வெளிநாடு செல்ல முயன்றவர்களின் படகுகள் கிழக்குக் கடலில் பல தடவை மறிக்கப்பட்டன என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படியொரு படகில் உங்கள் பெயரிலுள்ள இலக்கம் இருந்தால், நான் விற்றுவிட்டேன் என்ற வாய்ச்சொல் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று எண்ணிப் பாருங்கள். பலநாட் படகாயின் அதில் பொருத்திய கண்காணிப்புக் கருவி காட்டும் பயணத் தடங்களும் உங்கள் பெயரிலுள்ள படகின் தடங்களாகவே பதிவாகும்.

வாங்கியவர் வராவிட்டாலும் உங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது உண்டு. விற்ற திகதி, விலை, வாங்கியவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, படகு கடைசியாகக் காணப்பட்ட கரை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடியுங்கள். அதை இணைத்து, உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகர் ஊடாகத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அலுவலகத்தின் திகதி முத்திரை பதித்த பிரதி ஒன்றைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். அதே பிரதியைப் பொலிசிலும், உங்கள் சங்கத்திலும், காப்புறுதி இருந்தால் அந்த நிறுவனத்திலும் ஒப்படையுங்கள். பெயர் மாற்றம் இதனால் முடிந்துவிடாது. ஆனால் எந்த நாளிலிருந்து படகு உங்கள் கையில் இல்லை என்பதற்கு ஓர் அரச அலுவலகத்தின் முத்திரை சாட்சியாகும். படகின் பெயரில் வரும் எரிபொருள் மானியத்தையோ நட்டஈட்டையோ அதற்குப் பின் நீங்கள் பெறக் கூடாது. பெற்றால், படகு இன்னும் உங்களுடையதே என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாகக் கிடைத்த படகுகளைக் கைமாற்றி வாங்கியவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். சான்றிதழ் யாருடைய பெயரில் நிற்கிறது என்பதை விற்பனைக்கு முன்பே பார்த்துச் சீர்செய்யுங்கள்.

அடுத்த முறை எழுத வேண்டியவை

ஒரே பக்கத்தில் எழுதக்கூடியதுதான். படகின் பதிவிலக்கம், எஞ்சின் இலக்கம், மொத்த விலை, பெற்ற முற்பணம், மிகுதி தரவேண்டிய திகதி ஆகியவற்றோடு, முழு விலையும் கிடைக்கும் வரை உரிமை விற்பவரிடமே இருக்கும் என்ற வரியும், தவறினால் முற்பணத்தில் எவ்வளவு கழிக்கப்படும் என்ற வரியும் கட்டாயம் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட இடம் திருகோணமலை என்று எழுதுங்கள். ஒப்பந்தம் செய்யப்பட்ட இடத்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ உள்ளவரைத் தேடி அங்கே அலைய வேண்டியிருக்காது. அடையாள அட்டையின் இரு பக்கப் பிரதியும், வீட்டில் உள்ள இன்னொருவரின் தொலைபேசி இலக்கமும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். மிகுதிப் பணம் வாங்குவதையும் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுப்பதையும் ஒரே நாளில், ஒரே பயணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அதற்குப் பிறகே ஒப்படையுங்கள்.

என் படகின் பின்பலகையைப் பழுதுபார்த்து, அறிவித்தல் கடிதத்தின் தவணை முடிந்த பின், பங்குனியில் சல்லி என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவருக்கு விற்றேன். முதல் விலையிலும் குறைவாகத்தான் கிடைத்தது. வைகாசியில் முதலாமவரின் தம்பி வந்தார். அண்ணன் சிறுநீரக நோயோடு மருத்துவமனையில் பல மாதம் கிடந்ததாகவும், என் கடிதம் வீட்டுக்கு வந்ததைத் தாயார் பிரிக்காமலே சாமி அறையில் வைத்திருந்ததாகவும் சொன்னார். கணக்குக் கொப்பியை அவர் முன் விரித்து, விலைக் குறைவையும் பலகைச் செலவையும் கழித்து, முற்பணத்தில் எஞ்சியதை எண்ணிக் கொடுத்தேன். அவர் எழுதித் தந்த பற்றுச்சீட்டைத் தபாலகத் துண்டோடு சேர்த்துக் குத்தி, அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.